புதிய மோட்டார் வண்டியின் மெருகைக் காத்தல்

மோட்டார் வண்டியின் உடலுக்குப் பூசப்படும் வர்ணம் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. வண்டியின் உடல் மெல்லிய எஃகுத் தகட்டினால் ஆனது. அத்தகட்டின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவே. நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஒருங்கே தீண்டினால் எஃகு துருவாக மாறத் தொடங்கும். ஆதலால் தகட்டிற்கும் வெளியுலகிற்கும் இடையே ஒரு திரை தேவைப்படுகிறது. மேற்பூச்சே அத்திரை. புதிய வண்டியை வாங்கியவர் அதனை எப்போதும் பளபளப்பாக வைத்திருக்க விரும்புவது இயல்பு. ஆனால் அந்த விருப்பத்தினால் நாள்தோறும் செய்யப்படும் காரியங்களே பல சமயங்களில் இத்திரையைத் தேய்த்து விடுகின்றன. வெயிலும் மழையும் வண்டிக்குப் பகை என்பதை எல்லோரும் அறிவர். கையில் பிடித்த துணியும் பகையாகக்கூடும் என்பதை அறிந்தவர் சிலரே.

தொழிற்சாலையில் பூச்சு எவ்வாறு இடப்படுகிறது என்பதை முதலில் அறிந்துகொண்டால், அதனை எவ்வாறு காப்பது என்பது தானே விளங்கும். பல வண்டிகளில் எஃகுத் தகட்டின்மீது தொடக்கத்திலேயே துத்தநாகம் படியவைக்கப்பட்டிருக்கும். தகடுகள் பற்றவைக்கப்பட்டு உடல் உருவானபின், அது நன்கு கழுவப்பட்டு, பாஸ்பேட் உப்புக்கள் கலந்த கரைசலில் நனைக்கப்படுகிறது. இதனால் தகட்டின்மீது நுண்ணிய படிகங்களாலான ஒரு படலம் உண்டாகி, வர்ணம் பற்றிக்கொள்ள ஏற்ற பரப்பு அமைகிறது. பின்னர் முழு உடலும் ஒரு பெரிய தொட்டியிலுள்ள வர்ணக் குழம்பில் அமிழ்த்தப்பட்டு மின்சாரம் செலுத்தப்படுகிறது. குழம்பிலுள்ள துகள்கள் மின்னூட்டம் பெற்றவையாதலால், அவை உடலை நோக்கி இழுக்கப்பட்டுத் தெளிப்பான் எட்டாத மூலைமுடுக்குகளிலும் படிகின்றன. துருவைத் தடுக்கும் முக்கியமான அடுக்கு இதுவே. இதன் கனம் சுமார் 20 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதன்மேல் சுமார் 30 மைக்ரான் கனத்தில் ஓர் இடைப்பூச்சும், அதன்மேல் சுமார் 15 மைக்ரான் நிறப்பூச்சும், எல்லாவற்றிற்கும் மேலாக 40 முதல் 50 மைக்ரான் வரை நிறமற்ற தெளிபூச்சும் அமைகின்றன.

எல்லா அடுக்குகளையும் கூட்டினாலும் 100 மைக்ரானுக்குச் சற்று மேல். இது எழுதும் தாள் ஒன்றின் கனமே. காண்பவர் கண்ணைக் கவரும் மினுமினுப்பு முழுவதும் இவற்றுள் மேலேயுள்ள தெளிபூச்சைப் பொறுத்தது. அதன் கனமோ தாளில் பாதி. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிக்கொள்ளும் பொருள்களும் இத்தெளிபூச்சில்தான் கலக்கப்பட்டுள்ளன. அவை கீழேயுள்ள நிறம் வெளிறாமலும், பிசின் சிதையாமலும் காக்கின்றன. மனிதனின் தோல் தேய்ந்தால் மீண்டும் வளர்கிறது. தெளிபூச்சு தேய்ந்தால் தேய்ந்ததுதான். வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவரும் நாளில் எவ்வளவு கனம் இருக்கிறதோ, அதுவே அதன் ஆயுட்காலத்துக்கான முழு முதல். அதற்குப்பின் செலவு உண்டே தவிர வரவு இல்லை.

பழைய பழக்கமும் புதிய பூச்சும்

"புதிய வண்டியை அடிக்கடி பாலீஷ் போட வேண்டும்" என்ற அறிவுரை இன்றும் பலரால் கூறப்படுகிறது. ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. மோட்டார் வண்டிகள் தோன்றிய காலத்தில், மரச்சாமான்களுக்குப் பூசுவது போன்று எண்ணெய் வார்னிஷைத் தூரிகையால் பல முறை பூசினர். ஒரு வண்டி உலர்ந்து வெளியேறப் பல வாரங்கள் ஆயின. 1920களில் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளைக் கொண்டு விரைவில் உலரும் வர்ணங்கள் செய்யப்பட்டன. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனது ஓக்லாண்ட் வண்டிகளின் 1924 ஆம் ஆண்டு மாதிரிகளில், டூபாண்ட் நிறுவனத்தாரின் "டியூக்கோ" என்ற இவ்வகை வர்ணத்தைப் பயன்படுத்தியது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. ஆயினும் இவ்வகைப் பூச்சுக்களிலும், இவற்றின்பின் வந்த எனாமல் பூச்சுக்களிலும் நிறப்பொருளே வெளிப்பரப்பில் இருந்தது. வெயிலால் பிசின் சிதையும்போது நிறப்பொருள் மாவுபோல் உதிரத் தொடங்கும்; கையால் தடவினால் நிறம் ஒட்டும். அந்த வெளிறிய மேற்பரப்பைத் தேய்த்து நீக்கினால், கீழிருந்து புதிய நிறம் வெளிப்படும். பாலீஷ் போடும் துணியில் வண்டியின் நிறம் ஏறியதை அக்கால ஓட்டுநர்கள் குறையாகக் கருதவில்லை. வேலை நன்கு நடப்பதன் அடையாளமாகவே கருதினர்.

1980களுக்குப்பின் தெளிபூச்சு உலகெங்கும் பரவலாயிற்று. இப்போது தேய்த்தால் வெளிப்படுவதற்குக் கீழே புதிய தெளிபூச்சு ஒன்றும் இல்லை. துணியில் நிறம் ஏறுவதும் இல்லையாதலால், எவ்வளவு தேய்ந்தது என்பதைக் கண்ணால் அறியவும் வழியில்லை. பழைய அறிவுரை மட்டும் மாறாமல் நிற்கிறது.

இவ்விடத்தில் இரண்டு பொருள்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். பாலீஷ், ரப்பிங் காம்பவுண்டு என்பவற்றில் அலுமினா முதலிய கடினமான நுண்துகள்கள் உள்ளன. அவை பூச்சை அராவி மட்டப்படுத்துகின்றன. கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள பூச்சைக் குறைத்தால்தான் கீறல் மறையும் என்பதை நினைவில் கொள்க. மெழுகு இதற்கு நேர் மாறானது; அது எதையும் குறைப்பதில்லை, மேலே ஒரு படலமாகத் தங்குகிறது. கடைகளில் இரண்டும் கலந்த பொருள்கள் ஒரே பெயரில் விற்கப்படுவதால் குழப்பம் நேர்கிறது. புட்டியின்மேல் "கீறல் நீக்கும்", "சுத்தப்படுத்தும் மெழுகு" என்ற சொற்கள் இருப்பின், அதில் அராவும் துகள்கள் உண்டு என்று கொள்வது தகும். புதிய வண்டிக்கு அது வேண்டுவதில்லை.

தூசியும் துணியும்

இந்நாட்டில் வண்டிக்கு நேரும் கேடுகளில் முதலிடம் தருவதற்குரியது தூசியே. கோடையில் ராஜஸ்தானிலிருந்து தில்லி வரை வீசும் புழுதிக் காற்றானாலும், தக்காணத்தின் செம்மண் சாலையானாலும், தூசியில் குவார்ட்ஸ் என்னும் சிலிகாத் துகள்கள் கலந்தே இருக்கும். கனிப்பொருள்களின் கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் இடம் 7. சாதாரணக் கண்ணாடி 5½ அளவில் நிற்கிறது. கண்ணாடியையே கீறவல்ல துகளுக்குப் பிசினாலான தெளிபூச்சு எம்மாத்திரம்?

தூசி வண்டியின்மேல் சும்மா படிந்திருக்கும் வரை தீங்கு செய்வதில்லை. அதனை அழுத்தி நகர்த்தும்போதுதான் கீறல் விழுகிறது. நகரங்களில் விடியற்காலையில் ஒருவர் ஒரு வாளி நீருடனும் ஒரு துணியுடனும் வந்து, வரிசையாக நிற்கும் பத்துப் பதினைந்து வண்டிகளைத் துடைத்துச் செல்வது வழக்கம். முதல் வண்டியின் மண் இரண்டாவது வண்டிக்கும், இரண்டின் மண்ணும் மூன்றாவதற்கும் சென்று சேர்கின்றன. இவ்வாறு ஆண்டுக்கு 300 நாள்களுக்கு மேல் மணல் தோய்ந்த துணியால் தேய்க்கப்படும் வண்டியின் நிலை எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உலர்ந்த துணியாலோ இறகுத் துடைப்பத்தாலோ தட்டுவதும் இதைவிட மேலானதன்று. துடைப்பவரைக் குறை கூறுவதில் பயனில்லை. நாள்தோறும் வண்டி மினுங்க வேண்டும் என்று கேட்பவர் உரிமையாளர். கேட்டதை அவர் செய்கிறார். முன்கண்ணாடி, பின்கண்ணாடி, விளக்குகள், எண்பலகை ஆகியவற்றை மட்டும் நாள்தோறும் சுத்தம் செய்து, உடலை வாரம் ஒரு முறை முறைப்படி கழுவச் சொன்னால் இருவருக்கும் நன்மை.

வெயிலில் நிற்கும் கறுப்பு வண்டியொன்றை உற்று நோக்கினால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போன்று வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். வட்டமாகத் துடைத்ததனால் உண்டானவை இவை என்று பலர் எண்ணுவர். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் விழுந்திருக்கின்றன. ஆயினும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பும் வகையில் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டுமே ஒவ்வோர் இடத்திலும் பளிச்சிடுகின்றன. அவ்விதம் பளிச்சிடுபவை ஒன்று சேர்ந்து பிம்பத்தைச் சூழ்ந்த வட்டங்களாகத் தோன்றுகின்றன. வகுப்பறையில் இதைக் காட்டுவது எளிது. பல நாள் துலக்கிய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து, ஒரு சிறிய மின்விளக்கின் பிரதிபலிப்பை அதில் காணச் செய்யலாம். விளக்கை நகர்த்தினால் வட்டங்களும் அதனுடனேயே நகரும். கீறல்கள் வட்டமாக இருந்தால் அவை நின்ற இடத்திலேயே நின்றிருக்க வேண்டும் அல்லவா? மாணவர்கள் தாமே விடை கூறுவர்.

துணியுறை போட்டு மூடுவதிலும் ஒரு எச்சரிக்கை தேவை. தூசி படிந்த வண்டியின்மேல் உறையை இழுத்துப் போட்டால், காற்றில் உறை அசையும் தோறும் அதுவே உப்புத்தாள் போல் வேலை செய்யும். கழுவி உலர்ந்த வண்டிக்கே உறை ஏற்றது.

கழுவும் முறை

வண்டியை நிழலில், உடல் குளிர்ந்திருக்கும்போது கழுவுதல் வேண்டும். சூடான தகட்டில் சோப்பு நீர் துடைக்குமுன் காய்ந்து கறையாகிவிடும். முதலில் கையோ துணியோ படாமல், கூரையிலிருந்து கீழ்நோக்கித் தண்ணீரை மட்டும் ஊற்றி, பெயர்ந்து வரக்கூடிய மண் முழுவதையும் கழித்துவிட வேண்டும். இந்த ஒரு படியைத் தவிர்ப்பதனால் விளையும் கேட்டைப் பின்னால் எந்த மெழுகும் ஈடுசெய்யாது. சேறு உலர்ந்து ஒட்டியிருந்தால், நனைத்துச் சில நிமிடங்கள் ஊறவிட்டு மீண்டும் நீர் ஊற்றுக.

அதன்பின் இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் சோப்புக் கரைசல். மற்றொன்றில் வெறும் நீர். மிருதுவான நுண்ணிழைத் துணியையோ கழுவுவதற்கென்றே செய்த மயிர்க் கையுறையையோ சோப்பு வாளியில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவியபின், அதனை வெறும் நீருள்ள வாளியில் அலசிப் பிழிந்துவிட்டு, பிறகே மீண்டும் சோப்பில் தோய்க்க வேண்டும். மண் அலசும் வாளியின் அடியில் தங்கும். சோப்பு வாளி தெளிவாக இருக்கும். சில வண்டிகளைக் கழுவி முடித்தபின் இரண்டு வாளிகளின் அடியையும் பார்ப்பவருக்கு இம்முறையின் காரணத்தை வேறு எவரும் விளக்க வேண்டியதில்லை. கூரை, கண்ணாடிகள், பானெட், கதவுகளின் மேற்பாதி என்ற வரிசையில் கீழே வருதல் நன்று. சக்கரங்களுக்கும் கதவுகளின் அடிப்பகுதிக்கும் தனித்துணி வைத்துக்கொள்க. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூள் சக்கரங்களின் அருகே நிறைந்திருக்கும். அத்துணி பானெட்டைத் தொடக்கூடாது. கீழே விழுந்த துணியையும் அலசாமல் எடுத்துத் துடைக்கலாகாது.

சோப்பைப் பற்றி ஒரு சொல். துணி துவைக்கும் தூளில் சோடியம் கார்பனேட் முதலிய காரப்பொருள்கள் உள்ளன. அவை எண்ணெய்ப் பசையை நீக்குவதற்காகவே சேர்க்கப்பட்டவை; மெழுகும் அத்தகைய பொருளாதலால் அதையும் சேர்த்தே கழுவிவிடும். சாதாரணச் சோப்போ, கடின நீரிலுள்ள கால்சிய உப்புக்களுடன் சேர்ந்து திரிந்து, வெண்மையான படிவாக ஒட்டிக்கொள்ளும். காரமும் அமிலமும் இன்றி நடுநிலையிலுள்ள வண்டிச் ஷாம்புவைச் சிறிதளவு பயன்படுத்துவதே தக்கது. நுரை மிகுதியானால் சுத்தம் மிகுதியாகும் என்பதில்லை. துகள்களுக்கும் பூச்சுக்கும் இடையே வழுவழுப்பு உண்டாக்குவதே இங்குச் சோப்பின் முக்கியமான வேலை.

தண்ணீரின் அளவும் கருதத்தக்கது. நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் ஓடும் ரப்பர்க் குழாயைப் பத்து நிமிடம் திறந்துவிட்டால் 150 லிட்டர் போய்விடும். வாளிகளைக் கொண்டு 40 லிட்டரில் ஒரு வண்டியை நன்றாகக் கழுவலாம். 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் நேர்ந்தபோது, வண்டி கழுவக் குடிநீரைப் பயன்படுத்துவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அந்நகரக் குடிநீர் வாரியம் அறிவித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் தில்லியில் குழாய் கொண்டு வண்டி கழுவுதல் முதலிய விரயங்களுக்கு 2,000 ரூபாய் அபராதம் விதிக்க உத்தரவாயிற்று. நீர் அரிதான இடங்களில் கழுவும் இடைவெளியை இரண்டு அல்லது மூன்று வாரமாக நீட்டுவதே நல்லது. குறைந்த நீரில் நாள்தோறும் துடைப்பதைவிட, தூசியுடன் வண்டியை அப்படியே விட்டுவைப்பது பூச்சுக்குப் பாதுகாப்பானது. பார்ப்பவர் என்ன நினைப்பரோ என்ற எண்ணம்தான் இதற்குத் தடை.

கழுவியபின் உலர்த்துதல் ஏன் அவசியம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புக்கள் கரைந்திருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. 600 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீர் ஒரு லிட்டர் வண்டியின்மேல் தங்கிக் காய்ந்தால், அரை கிராமுக்கு மேற்பட்ட சுண்ணப்பொருள் புள்ளி புள்ளியாக அங்கேயே தங்கிவிடும். வெயிலில் பல முறை இவ்வாறு காய்ந்தபின் அப்புள்ளிகள் சாதாரணக் கழுவலுக்கு அசைந்து கொடுப்பதில்லை. எனவே, நீர் காயுமுன் பெரிய நுண்ணிழைத் துணியைப் பரப்பின்மேல் விரித்து, அழுத்தாமல் இழுத்து ஈரத்தை வாங்கிவிடுதல் வேண்டும். புள்ளிகள் படிந்துவிட்டால், வினிகரை நாலைந்து மடங்கு நீரில் கலந்து தடவி, ஓரிரு நிமிடத்தில் ஏராளமான நீரால் கழுவிவிடலாம்.

நீர்த்துளிகள் குவிவில்லைகள் போன்று வெயிலைக் குவித்து வர்ணத்தைச் சுட்டுவிடுகின்றன என்று ஒரு கூற்று வழங்குகிறது. பௌதிக ஆசிரியர்கள் இதனை ஒரு பயிற்சிக் கணக்காகக் கொடுக்கலாம். அரைக்கோள வடிவமுள்ள நீர்த்துளியின் ஒளிக்குவியம், துளி அமர்ந்திருக்கும் பரப்புக்குக் கீழே அதன் ஆரத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு தொலைவில் விழுகிறது. துளி தட்டையாகப் படிந்திருப்பின் இன்னும் கீழே செல்லும். பரப்பின்மேல் ஒளி குவிவதே இல்லை. காணப்படும் வெண்புள்ளிகளுக்குக் காரணம் ஒளியன்று, முற்கூறிய உப்பே.

காத்திருக்கலாகாத கறைகள்

தூசி ஒரு வாரம் காத்திருக்கலாம்; பறவையின் எச்சம் காத்திருக்கலாகாது. அதிலுள்ள யூரிக் அமிலத்தோடு வெப்பமும் சேர்ந்து வேலை செய்கிறது. மே மாத வெயிலில் கருநிறத் தகட்டின் வெப்பநிலை 70 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டக்கூடும். அவ்வெப்பத்தில் தெளிபூச்சு சற்றே இளகுகிறது. எச்சமோ உலர்ந்து சுருங்குகிறது. மாலையில் தகடு குளிரும்போது, சுருங்கிய எச்சத்தின் உருவத்துக்கேற்பப் பூச்சு இறுகிவிடுகிறது. பின்னர் எச்சத்தை நீக்கினாலும் மங்கிய தழும்பு நிற்கும். கண்டவுடன் ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் தூக்கி எடுத்துவிடுக. அதில் விதைகளும் மணலும் இருக்கக்கூடும்.

மரநிழலில் நிறுத்துவோர் மாம்பூப் பருவத்தில் கவனமாக இருத்தல் நலம். அக்காலத்தில் மாமரத்தில் பெருகும் தத்துப்பூச்சிகள் இனிப்பான பிசுபிசுத்த கழிவைச் சொரிகின்றன. அதன்மேல் கரும்பூசணமும் படரும். தார்த்துளிகளைச் சிறிது மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் இளக்கி எடுத்து, உடனே அவ்விடத்தைச் சோப்பிட்டுக் கழுவலாம். அவ்விடத்து மெழுகு போய்விடுமாதலால் மீண்டும் இடுதல் வேண்டும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் சிமென்டுத் தூள் படிந்தால் ஈரத்துணியால் துடைத்தல் கூடாது. காரத்தன்மையுள்ள அத்தூள் நனைந்து இறுகும். நிறைந்த நீரால் ஒரேயடியாக அடித்துக் கழுவுவதே வழி.

மெழுகின் வேலை

மெழுகு பூச்சைக் கீறலிலிருந்து காக்கும் என்று எண்ணுவது தவறு. துடைத்தபின் தங்கும் மெழுகுப் படலம் ஒரு மைக்ரான் கனத்தை எட்டுவதே அரிது. மணல் துகளுக்கு அது ஒரு தடையன்று. அதன் பயன் வேறு. மெழுகு பூசிய பரப்பில் நீரும் அழுக்கும் எளிதில் பற்றுவதில்லை; ஆதலால் கழுவும்போது குறைந்த தேய்ப்பிலேயே மண் பெயர்ந்து வருகிறது. எச்சமும் உப்பு நீரும் முதலில் மெழுகையே தாக்குகின்றன. தான் அழிந்து பூச்சைக் காப்பது அதன் தொழில். ஆகையால்தான் அதனை மீண்டும் மீண்டும் இட வேண்டியிருக்கிறது.

மெழுகுகளுள் பெயர்பெற்றது கார்னாபா. வடகிழக்குப் பிரேசிலின் வறண்ட நிலங்களில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலைகளில் இது சுரக்கிறது. வறட்சியில் நீர் ஆவியாகிப் போகாதபடி தன் இலையைக் காத்துக்கொள்ளவே அப்பனை இதனைச் சுரக்கிறது. ஓலைகளை வெட்டி உலர்த்தித் தட்டினால் மெழுகு பொடியாக உதிரும். தேன்மெழுகு சுமார் 62 முதல் 65 டிகிரியில் உருகும். கார்னாபாவோ 82 முதல் 86 டிகிரி வரை தாங்கும். வெயிலில் வண்டித் தகடு அடையும் வெப்பத்தை முன் கூறியதோடு ஒப்பிட்டால், தேன்மெழுகு மட்டும் இங்குப் போதாமைக்குக் காரணம் விளங்கும். தனிக் கார்னாபா மிகக் கடினமாதலால், எளிதில் தடவும்பொருட்டு வேறு மெழுகுகளும் கரைப்பான்களும் அதனுடன் கலக்கப்படுகின்றன. செயற்கைப் பலபடிப் பொருள்களாலான திரவங்களும் இப்போது கிடைக்கின்றன. இவை மெழுகைவிடச் சில மாதங்கள் மிகுதியாக நிற்கும்.

மெழுகிடும் முறை எளியது. கழுவி முற்றிலும் உலர்ந்த வண்டியில், நிழலில், ஒரு சிறிய பஞ்சுத் திண்டினால் மிக மெல்லியதாகத் தடவ வேண்டும். ஒரே நேரத்தில் பானெட்டின் பாதியளவு பரப்பு போதும். அது மங்கலாக வெளுத்தவுடன், சுத்தமான நுண்ணிழைத் துணியால் துடைத்து எடுத்துவிடுக. கனமாகத் தடவினால் நெடுங்காலம் நிற்கும் என்பது பிழை. மிகுதியானது அனைத்தும் துணிக்கே போகும். கறுப்பு நிறப் பிளாஸ்டிக் பகுதிகளிலும் ரப்பர் ஓரங்களிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; அங்கே காய்ந்தால் வெண்மையாகத் தங்கி நீக்குவதற்குத் தொல்லை தரும். வெயிலில் நிற்கும் வண்டிக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இடலாம். அதற்கு நாள்காட்டியைவிட நீரே நல்ல வழிகாட்டி. கழுவிய பானெட்டில் நீர் உருண்டு திரண்ட முத்துக்களாக நின்றால் மெழுகு இருக்கிறது. தட்டையாகப் பரவிக் கிடந்தால் தேய்ந்துவிட்டது. தாமரை இலையிலும் சேம்பின் இலையிலும் நீர் உருண்டோடுவதற்கும் மெழுகே ஒரு காரணம். அவ்விலைகளில் மெழுகோடு நுண்ணிய மேடுபள்ளங்களும் இருப்பதால் துளி நிற்காமல் ஓடிவிடுகிறது. வழவழப்பான வண்டியில் அது உருண்டு நிற்பதோடு சரி.

வண்டி வாங்கும் நாளில் விற்பனையாளர்கள் சில சிறப்புப் பூச்சுக்களைச் சிபாரிசு செய்வதுண்டு. "டெப்லான்" என்ற பெயரில் செய்யப்படுவது அவற்றுள் ஒன்று. வாணலியில் ஒட்டும் அப்பொருள் 327 டிகிரியில்தான் உருகும். அதனை வாணலியின்மேல் மிகுந்த வெப்பத்தில் படியவைக்கின்றனர். துணியால் தடவிய அளவில் வண்டியின்மேல் வாணலியில் உள்ளது போன்ற படலம் உண்டாவதில்லை. கிடைப்பது பெரும்பாலும் நல்ல மெழுகின் பயனே. விலையை அதற்கேற்ப மதிப்பிடுதல் அறிவுடைமை. சிலிகாவை அடிப்படையாகக் கொண்ட "செராமிக்" பூச்சுக்கள் இதனினும் மேம்பட்டவை. வேதியியல் முறையில் பற்றி, ஆண்டுக் கணக்கில் நிற்கக்கூடியவை. ஆனால் அவற்றின் விளம்பரத்தில் காணும் "9எச்" என்ற குறியீட்டைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். அது பென்சில்களால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. 9எச் என்ற கடினமான பென்சிலும் அப்பரப்பைக் கீறவில்லை என்பதே அதன் பொருள். வைரத்துக்கு அடுத்த நிலையான மோஸ் அளவின் 9 அன்று. சாலை மணல் அதனையும் கீறும். அப்பூச்சு இட்ட வண்டிக்கும் இரண்டு வாளிகள் வேண்டும்.

கிராமங்களில் சுற்றும் பணிவண்டிகள்

விரிவாக்கப் பணிக்காகவும் ஆய்வுக்காகவும் கிராமச் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு மெருகைவிடத் துருவே பெரிய கவலை. சக்கரங்கள் எறியும் கற்கள் பூச்சைத் தகடு வரை பெயர்த்துவிடும். துத்தநாகம் பூசிய தகடாயின், பக்கத்திலுள்ள துத்தநாகம் முதலில் அரிபட்டுச் சில காலம் எஃகைக் காக்கும். ஆயினும் அதனை நம்பி நெடுநாள் விட்டுவைத்தல் கூடாது. பெயர்ந்த இடத்தைக் கழுவி உலர்த்தி, வண்டியின் நிறத்துக்குரிய சிறு புட்டி வர்ணத்தை மெல்லிய தூரிகையால் அன்றே தொட்டு வைப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

கதவுகளின் அடிவிளிம்பில் சிறு துளைகள் இருக்கும். கண்ணாடி வழியே உள்ளே இறங்கும் மழைநீர் வடிவதற்காக ஏற்பட்டவை அவை. சேற்றினால் அவை அடைபட்டால் நீர் கதவுக்குள்ளேயே தேங்கி, உள்ளிருந்து துரு தொடங்கும். வெளிப்புறம் எவ்வளவு மெழுகிட்டாலும் பயனில்லை. கழுவும்போதெல்லாம் ஒரு மெல்லிய குச்சியால் அத்துளைகளைத் திறந்துவிடுக. உர மூட்டைகளை ஏற்றிச் சென்ற வண்டியின் பின்தளத்தை அன்றே கழுவ வேண்டும். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உப்பு உள்ளது. அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து எஃகை விரைவில் அரிக்கும். கடற்கரை மாவட்டங்களில் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் அடிக்கடி நன்னீரால் அடித்துக் கழுவுதல் அவசியம். நல்ல துணியும் ஷாம்புவும் இங்கு வேண்டா. நீரின் விசை போதும்.

புதிய வண்டிக்கு மெழுகிடச் சில மாதம் பொறுத்திருக்க வேண்டுமா என்று கேட்கப்படுவதுண்டு. தொழிற்சாலைப் பூச்சு சுமார் 130 முதல் 140 டிகிரி வரையுள்ள உலைகளில் சுட்டு இறுக்கப்படுகிறது. வண்டி வாங்குபவரின் கைக்கு வரும்போது அது முற்றிலும் இறுகியே இருக்கும். முதல் கழுவல் முடிந்தவுடன் மெழுகிடலாம். விபத்துக்குப்பின் பட்டறையில் மீண்டும் வர்ணம் பூசிய பகுதி அத்தகையதன்று. டயர்களும் கம்பிகளும் பொருத்திய முழு வண்டியை அத்தகைய வெப்பத்தில் வைக்க இயலாதாகையால், அங்குச் சுமார் 60 டிகிரியிலோ சாதாரணக் காற்றிலோதான் பூச்சு உலர்கிறது. அதனுள் தங்கிய கரைப்பான் ஆவியாக வெளியேறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அப்பகுதிக்கு மட்டும் மெழுகிடாமல், நீரும் சிறிது ஷாம்புவும் கொண்டு கழுவி வரலாம்; எத்தனை வாரம் என்பதை வர்ணம் பூசிய பட்டறையிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நன்று.